நாற்பது பொன்னாடைகள்

பொன்னாடையைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் அவன் கழுத்திலேயே நாலைந்தைப் போட்டு இறுக்கிவிடலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. உடுத்த முடியாது. போர்த்திக்கொண்டு படுத்தால் உடம்பெல்லாம் குத்தும். ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் அது இல்லாமல் ஒரு மேடை கிடையாது. சபை ஆண்டுவிழா, கோயில் கமிட்டி, நூலகக் கூட்டம், எதுவானாலும் முதல் முக்கால் மணி நேரம் ஆம்பிளைகள் ஒருத்தருக்கொருத்தர் போர்த்திக்கொள்வார்கள். போர்த்துகிறவர் போர்த்தப்படுகிறவரைப் பார்ப்பதே இல்லை. ரெண்டு பேரும் கேமராவைப் பார்த்துப் பல்லிளிப்பார்கள்.

என் தொழிலுக்குப் பெயர் க்யூரேட்டர். நூல், நார், துணி இவற்றை வைத்து இன்றைக்குப் பெண்கள் செய்யும் கலையைத் தேடிப் பிடித்து, எதை எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்து காட்சி நடத்துகிறவள். இதை நாகர்கோவிலில் ஒரு ஆளுக்குப் புரியவைத்துவிட்டால் எனக்கே யாராவது பொன்னாடை போர்த்தலாம். போன வருஷம் ஒரு காட்சிக்கு நோட்டீஸ் அடித்ததும் முதலில் வந்த போன், எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று. என் சொந்தச் சித்தி, நல்ல போர்வையாக ரெண்டு எடுத்து வைக்கச் சொன்னாள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இன்னும் மேல். தென்னை நாரைக் கண்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு மண்ணின் மணம் என்பார்கள். அழுகின மட்டை வாடைதான் அடிக்கும். முகர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காட்சியில் எட்டுப் பெண்கள். அதில் ஒருவர் களியக்காவிளைப் பக்கம், ஐம்பது வயது, நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் ஒரு வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். வீட்டில் ரெண்டு பீரோ நிறையப் பொன்னாடை. அக்காவின் சேலைகள் அட்டைப் பெட்டியில் கிடந்தன. தின்ன இலையை எடுத்துப்போட்டுவிட்டு, மத்தியானம் அதே சாப்பாட்டு மேஜையில் பொன்னாடைகளை விரித்து, ஊசிமுனையால் ஜரிகை இழைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம். நாலு மணிக்கு மேஜையைக் காலி பண்ணிவிட வேண்டும், சங்கத்து ஆட்கள் காபிக்கு வருவார்கள்.

செய்தது இதுதான். முதல் பொன்னாடையை அப்படியே விட்டார். இரண்டாவதில் ஒரே ஒரு இழையை உருவினார். மூன்றாவதில் கொஞ்சம் அதிகம், நாலாவதில் இன்னும் கொஞ்சம். நாற்பதாவதில் ஜரிகை என்று ஒன்று கிடையாது, பழைய கொசுவலை மாதிரி வெறும் நூல் தொங்கும். நாற்பதையும் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, பக்கத்திலேயே நடந்து போனால் ஒரு மனுஷனுடைய பவிசு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதைப் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு பலகை நிறைய எழுதி மாட்டினேன். ஒரு இழையின் இன்மையைக் காணப் பழகிய கண் என்றெல்லாம் எழுதினேன். யார் கண் என்று சொல்லவில்லை. என் கண் என்பது படிக்கிறவர்களுக்குத் தானே புரியும்.

திறப்புவிழாவுக்கு மறுநாள் காலை கொச்சியிலிருந்து ரெண்டு பேர் வருவதாக இருந்தது. அவர்கள் வருஷத்துக்கு ஒரு கலைஞரைத் தேர்ந்து மூன்று மாதம் தங்கி வேலை செய்ய அறை கொடுக்கிறவர்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு, வரிசை முழுசாக நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்த அறையில் மேஜையை மாலையில் ஒழித்துக் கொடுக்க வேண்டாமா என்று. வேண்டாம் என்றேன்.

இடம் கொடுத்தது டவுனில் வேறொரு பழைய சங்கம். மேடைக்குப் பின்னால் இருந்த நீள அறைதான் காட்சிக்கூடம். அந்தச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற மனிதர், வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் ஒரு பட்டியல். சிறப்பு விருந்தினராக ஒரு துணிக்கடை முதலாளியைப் பிடித்திருந்தார். துணிக் கண்காட்சிக்குத் துணிக்கடைக்காரர், எவ்வளவு பொருத்தம் பாருங்கள் என்று அவருக்கே தன்மேல் ஒரு மெச்சல். மேடையில் ஏழு நாற்காலி. ஆறில் செயலாளரோடு சேர்த்து ஆம்பிளைகள், ஏழாவதில் நான். செய்த எட்டுப் பெண்களும் கீழே முதல் வரிசையில். அவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள். மூன்று வருஷம் இழை உருவினவளுக்கு டிபன் பாக்ஸ். நான் அதற்குச் செயலாளரோடு சண்டை போட்டிருக்க வேண்டும். திறப்புவிழா நல்லபடியாக முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி தனியாக வரவில்லை. கூடவே அவருடைய சகலை வந்திருந்தார். சும்மா காரில் துணைக்கு வந்த மனிதர். அவரைக் கீழே உட்காரவைத்தால் முதலாளிக்கு மரியாதைக் குறைவு என்று அவருக்கும் ஒரு நாற்காலி தூக்கிப் போட்டார்கள். இது எங்கள் ஊர் வழக்கம், விருந்தாளியோடு வந்தவனும் விருந்தாளிதான். சகலைக்குக் கலையைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அவரை மட்டும் சொல்வானேன், அந்த மேடையில் யாருக்குத்தான் தெரியும்? வாங்கின பொன்னாடை அஞ்சு தலையோடு தீர்ந்துவிட்டது. செயலாளர் அங்கும் இங்கும் பார்த்தார், பின்கதவு வழியாக உள்ளே போனார், ரெண்டு பொன்னாடையோடு முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். ஒன்று சகலைக்கு. ஒன்று எனக்கு. என்னைப் பற்றி ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார்கள். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தோம். கம்பியின் தொடக்கத்தில் ரெண்டு கொக்கி காலியாகத் தொங்கியது. யார் எடுத்தது என்று கத்தினேன். செயலாளரோ சந்தோஷமாக விளக்கினார், ரெண்டு குறைந்துவிட்டது, நல்ல வேளையாக உள்ளே கிடந்தது, சமாளித்துவிட்டேன், கிழிந்ததை எல்லாம் விட்டுவிட்டு நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று.

அவரைப் பிடித்து உலுக்காத குறை. கண் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பெண்ணுடைய மூன்று வருஷ உழைப்பு உங்களுக்கு மேடை அலங்காரமா என்று கேட்டேன். பார்க்கத் தெரியாதவர்கள் எதற்குக் கலைக்குப் பக்கத்தில் வருகிறீர்கள் என்றும் கேட்டேன். முதலாளி, டிபன் பாக்ஸோடு நின்ற பெண்கள், போட்டோக்காரர், எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். நான் ரொம்ப நன்றாகப் பேசினேன். அப்போது பின்னாலிருந்து அக்கா என் தோளைத் தொட்டார்.

"ரெண்டாவது உங்க மேலயாக்கும் கெடக்கு மேடம்."

நான் அதைக் கழற்றி மடியில்கூட வைத்திருக்கவில்லை. போர்த்தினது போர்த்தினபடியே நின்றுதான் அவ்வளவும் பேசியிருக்கிறேன். அக்கா அதை மெதுவாக எடுத்தார், ஓரத்தை விரலால் தடவி இழை உருவின இடத்தைப் பார்த்தார், கையில் மடித்துக்கொண்டார்.

"மேடையில வச்சே நீங்க கண்டுபிடிப்பியன்னு நெனச்சேன். அதாக்கும் நான் எழும்பாம இருந்தேன்."

அவர் முதல் வரிசையில் எனக்கு நேர் எதிரேதான் இருந்தார். என் கழுத்தில் அது விழுந்ததையும், நான் கேமராவைப் பார்த்துச் சிரித்ததையும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். நான் நிறுத்துவேன் என்று காத்திருந்திருக்கிறார்.

பிறகு தானே வாசலுக்குப் போய்ச் சகலையிடமிருந்து மற்றதையும் வாங்கி வந்தார். அந்த மனிதர் அதற்குள் வடை தின்று அதிலேயே கையைத் துடைத்திருந்தார். செயலாளர் வேறு ஒன்று புதிதாக வாங்கித் தந்துவிடுவதாகச் சொன்னார், முதல் பொன்னாடையில்தான் எதுவுமே செய்யவில்லையே என்று ஒரு நியாயமும் சொன்னார். அக்கா எண்ணெய்க் கறையோடேயே அதைக் கொக்கியில் மாட்டினார். உதவப் போன என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

மறுநாள் காலை கொச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். காட்சிக்கூடத்து வாசலில் அக்கா நின்றார். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை.

"நீங்க ஆபீஸ்ல இருங்க மேடம். இத நான் காட்டிக்கிடுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசி ஒப்பேற்றியிருப்பேன். வந்த ரெண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவர் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. முதல் பொன்னாடையின் கறையைப் பற்றி அவர்கள் கேட்டிருக்க வேண்டும், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொச்சியில் அந்த மூன்று மாத அறை அக்காவுக்குக் கிடைத்தது. அதை எனக்குச் சொன்னது அக்கா அல்ல, மற்ற ஏழு பேரில் ஒருத்தி.

கொச்சிக்காரர்கள் வந்த அன்றைக்கு ஆபீஸில் செயலாளர் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நேற்று நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ரெண்டு டீ சொன்னார். நான் உட்கார்ந்து குடித்தேன்.