எலுமிச்சம்பழம் மிதித்த ஷூ

எடை குறைக்க வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பிய முதல் ஆறு மாதம், மங்கையர்க்கரசியைக் கையில் பிடிக்க முடியவில்லை. எடை சரசரவென்று இறங்கியது. கச்சிபௌலியில் அவள் சம்பளக் கணக்கு பார்க்கும் கம்பெனியில், லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் "எப்படி மேடம்?" என்று கேட்டார்கள். என்னமோ தானே கத்தியை எடுத்துத் தானே வெட்டிக்கொண்டது போல, "கொஞ்சம் மன உறுதி வேணும்" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அந்த மன உறுதியின் லட்சணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தண்ணியாகச் சாப்பிடு என்றார்கள். பாயசமும் தண்ணிதானே என்று டம்ளர் டம்ளராக உள்ளே தள்ளினாள். சோறு நாலு கவளத்துக்கு மேல் இறங்காது, பாயசம் மட்டும் சமர்த்தாக இறங்கும். எடை இறங்குவது நின்றது. பிறகு ஏற ஆரம்பித்தது. தராசில் ஏறுவதற்கு முன் மங்கை காதுத் தோட்டைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். தோட்டின் மேல் பழி போட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பத்மப்ரியா சின்னப் பெண். ஆனால் பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"வயித்தைத்தான் மேடம் நாங்க சின்னதாக்கினோம். காலை யாரும் தொடலை. அது உங்ககிட்டயேதான் இருக்கு. நடங்க."

சரி, நடப்போம் என்று வெள்ளை ஷூ ஒரு ஜோடி வாங்கினாள். மறுநாள் ஆயுத பூஜை. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஒர்க்‌ஷாப் ஃபிட்டருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆயுத பூஜை என்றால் ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வைக்காமல் விடமாட்டாள். வாசலில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஷூவையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள்.

கணவர் லட்சுமணன் தலையில் அடித்துக்கொண்டார். "செருப்புக்குப் போய் யாராவது பூஜை போடுவாங்களா?"

"செருப்பா இது? கருவிங்க, கருவி!"

ஸ்கூட்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவள் ஷூவுக்கு வைக்காமல் விடுவாளா? வைத்தாள். ஷூவை மாட்டிக்கொண்டு, வலது காலை எடுத்து, நச்சென்று மிதித்தாள். பழம் வழுக்கியது. மங்கை குவார்ட்டர்ஸ் அதிர உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கி, உடற்பயிற்சி முதல் அடியிலேயே முடிந்தது.

வீக்கம் வடிந்த பிறகு நாள் பார்த்தாள். தினசரிக் காலண்டரில் ஒரு நாள் அஷ்டமி, மறுநாள் நவமி. பிறகு கரிநாள். பிறகு மார்கழி, மார்கழியில் எந்த நல்ல காரியத்தைத் தொடங்குவார்கள்? உலகத்திலேயே நடப்பதற்கு முகூர்த்தம் பார்த்தவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, தாளைக் கிழித்தாள். ஷூ குங்குமப் பொட்டோடு வாசலிலேயே கிடந்தது.

சிரிப்பு வராத விஷயம் ஒன்றும் இருந்தது. மகள் சுபாஸ்ரீ மாரெட்பள்ளியில் எட்டாவது படித்தாள். ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் மங்கை அவளை அழைத்துவர ஆட்டோவில் போயிருந்தாள். மகள் ஓடிவந்து, சிநேகிதிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "மம்மி, நீ இறங்க நக்கோ. ஆட்டோலயே இரு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போது போனாலும் எதிர்ப்பக்கம் ஆட்டோவை நிறுத்தி உள்ளேயே இருப்பாள். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு லட்சுமணன்தான் போவார். கத்தியின் கீழே படுத்ததுகூட அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏறும் எடையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆட்டோ சீட்டுதான் ஞாபகம் வந்தது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தெலங்கானா கிளர்ச்சி நடந்த காலம் அது. பந்த் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. மூன்று மணிக்கு ஸ்கூல் ஆட்டோக்காரர் நரசிம்லு போன் செய்தார்.

"அம்மா, பந்த் அண்ட. ஆட்டோ ராது."

பந்த்தாம், ஆட்டோ வராதாம். பள்ளிக்கூட போனை யாரும் எடுக்கவில்லை. லட்சுமணன் ஒர்க்‌ஷாப் உள்ளே. சங்கு ஊதும்வரை பிடிக்க முடியாது. மங்கை கையில் கிடைத்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. எங்கேயோ டயர் எரிகிற நாற்றம். பிள்ளை கேட்டில் தனியாக நிற்குமே என்கிற ஒரே நினைப்பில் நடந்தாள். பழைய மங்கை என்றால் தெருமுனைப் பால் பூத்திலேயே சோடா கேட்டு உட்கார்ந்திருப்பாள். ரயில் பாலம் தாண்டிய பிறகுதான், அட, இன்னும் உட்காரவில்லையே என்று உறைத்தது. மூச்சு இரைத்தது. இரைத்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தாள்.

பள்ளிக்கூடம் தெரிந்தது. கேட்டில் சுபாஸ்ரீ நாலைந்து பெண்களோடு பத்திரமாக நின்றாள். மங்கைக்கு உயிர் வந்தது. ஆனால் கால் ரோட்டைத் தாண்ட மறுத்தது. வழக்கமாக ஆட்டோ நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டு, இல்லாத ஆட்டோவுக்குள் இருப்பவள் மாதிரி கையை மட்டும் ஆட்டினாள். என்ன பிழைப்புடி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுபாஸ்ரீ ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். "மம்மி! ஆட்டோ?"

"ஏது ஆட்டோ? நடந்துதான் வந்தேன்."

"மெட்டுகுடாலேர்ந்தா?" பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வையில் நனைந்த நைட்டி, மேலே துப்பட்டா, காலில் ரப்பர் செருப்பு. "அப்புறம் கைக்கு, ஏன் இங்கயே நிக்கிற? ஆ மம்மி, வா!" கையைப் பிடித்துத் தரதரவென்று கேட்டுக்கு இழுத்துப்போனாள். "மை மதர். மெட்டுகுடாலேர்ந்து வாக் பண்ணியே வந்துட்டாங்க, தெரியுமா!"

"ஹவ்? நெஜமாவா?" என்றாள் ஒரு சிநேகிதி வாயைப் பிளந்து.

மங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியர்வையைத் துடைப்பது போல முகத்தை மூடிக்கொண்டாள்.

இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். சாயங்காலம் லட்சுமணன் கதை கேட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். "செவ்வாய் மூணு மணியா? சுத்த ராகுகாலம்டி!"

"நாலு மாசம் நல்ல நேரம் பாத்து ஒரு அடி வச்சேனா? நம்ம ஜாதகத்துக்கு ராகுகாலம்தான் சரிப்படும் போல."

சுபாஸ்ரீ வாசலில் உட்கார்ந்து, ஈரத் துணியால் ஷூவின் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "சாட்டர்டே பேரன்ட்ஸ் மீட்டிங் மம்மி. டாடி நக்கோ. நீ வா. உள்ள வா."

சனிக்கிழமை நாள் எப்படி என்று பார்க்க, மங்கை காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை.