மட்டையோடு ஓடியவன்

டிங்.

மரமட்டையின் சத்தம் இப்படி இருக்காது. இது அலுமினிய மட்டை. தோல்பந்து பட்டதும் ஒரு கிண்ணத்தைச் சுண்டிவிட்டது போல எழும்பி, காற்றில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு அணையும். டொரொன்டோவில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா இருக்கிறது. மே மாதம் பிறந்தால் மாலையில் யாராவது பேஸ்பால் ஆடுவார்கள். ஜன்னலைத் திறந்தேனோ போச்சு. மூக்கில் மணல் ஏறும், டீசல் மணக்கும், பிடரி சுடும். ஐம்பதைத் தாண்டிவிட்ட ஓர் ஆள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டபடி, துபாயில் நிற்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அல் குசைஸில் மூன்று பேருக்கு ஓர் அறை. நான் ஓர் அமெரிக்க எண்ணெய்க் குழாய்க் கம்பனியின் அலுவலகத்தில் கிளார்க். அதே கம்பனியின் யார்டில் குழாய்களை அளந்து இலக்கம் எழுதுவது என் நண்பனின் வேலை. யாழ்ப்பாணத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே தெரு. மூன்றாமவர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்று கூப்பிடுவோம். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். நகரத்தின் கடைத்தெருப் பகுதியான தேராவில் ஒரு கசெட் கடையில் நின்றார்.

நண்பன் ஊரில் ஓர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடித்தவன். நான் அந்தக் குழுவுக்குப் பெட்டி தூக்கியவன். ரசிகன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், சைக்கிள் கரியரில் சிம்பலைக் கட்டி, அது குலுங்கிச் சத்தம் போடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நான்கு மைல் ஓட்டுகிறவன் என்று சொல்வேன். வாசிக்கத் தெரியாது. பாடவும் வராது. ஆனால் மேடைக்கு ஆறடி தள்ளி நின்று, பாஸ் கிற்றாரின் அதிர்வு நெஞ்செலும்பில் ஏறும்போது, அந்த எலும்பும் குழுவில் ஒரு வாத்தியம்தான் என்று நம்பியிருக்கிறேன்.

துபாயில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கசெட்தான். அதிலும் காக்கா பிரதி எடுத்துத் தரும் லைவ் கசெட்டுகள். எங்கோ ஒரு மைதானத்தில் நடந்த ரொக் கச்சேரி, பின்னால் ஆயிரக்கணக்கானவர்களின் இரைச்சல். ஒரு பாட்டின் நடுவே, கிற்றார் தனியே அழத் தொடங்கும் இடத்தில், கூட்டத்திலிருந்து எவனோ ஒருவன் நீளமாக விசிலடிப்பான். அவன் முகம் தெரியாது, நாடும் தெரியாது. ஆனால் அவன் விசில் எங்களுக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போது நாங்கள் இருவரும் அவனோடு சேர்ந்து விசிலடிப்போம்.

"அந்தக் கூட்டத்துல உங்களுக்கு ஒரு டிக்கெட் குடுத்திருந்தா, பாட்டக் கேப்பியளா, அந்த விசில்காரனத் தேடுவியளா?" என்பார் காக்கா.

"ஆளைத் தேடிப் பிடிச்சு, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுப்பம் காக்கா," என்பான் நண்பன்.

காக்காவுக்கு இசை வியாபாரம் மட்டும்தான். அவருடைய மோகம் அரசியல். தமிழ்நாட்டின் இடைத்தேர்தல் ஒவ்வொன்றையும் கிரிக்கெட் ஸ்கோர் போல வைத்திருப்பார். தன் தலைவர் பேசிய பேச்சுகளின் கசெட்டைப் போட்டுவிட்டு, கைதட்டல் வரும் இடத்தில் தானும் தட்டுவார். நாங்கள் விசிலடிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எங்கள் ஊர் அரசியலுக்குக் கைதட்டல் கசெட் கிடையாது. மாலையில் சிற்றலை வானொலியில் தமிழ்ச் செய்தி வரும். கரகரப்புக்குள் ஊர்ப்பெயர்கள் மிதந்துவரும். தெரிந்த ஊர், தெரிந்த சந்தி, பிறகு ஒரு எண்ணிக்கை. அப்போது காக்காகூடப் பேசமாட்டார். நண்பன் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். தாளம் அல்ல அது. தாளம் பிடிக்க முடியாத ஒருவன் தட்டுகிற தட்டு.

ஒருநாள் அவனுக்கு அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வாசித்துவிட்டு என்னிடம் தந்தான். தம்பி டியூசனுக்குப் போனவன், சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வாசலில் விட்டிருக்கிறார்கள், அம்மா சாப்பிடுகிறா இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. வீட்டுக்குச் சைக்கிள் மட்டும் வந்தால் பிள்ளை இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று அந்த நாட்களில் எங்களில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மறுநாள் காலை அவன் என் மேசைக்கு முன்னால் வந்து லீவு போர்ம் கேட்டான். நின்றபடியே நிரப்பினான். பெயர், வேலை இலக்கம், புறப்படும் திகதி. திரும்பும் திகதி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

"இதையும் நிரப்படா."

"அதை நீ ஏதாவது போடு மச்சான்."

தம்பியைக் கூட்டிவரப் போகிறானா, தம்பியோடு நிற்கப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. அந்த வெறும் கட்டமே எனக்குப் போதுமாக இருந்தது.

வளைகுடாவில் வேலைசெய்த எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பாஸ்போர்ட் எங்களிடம் இருப்பதில்லை. வந்திறங்கியதும் கம்பனி வாங்கி வைத்துக்கொள்ளும். லீவு போர்மில் அதிகாரி கையெழுத்து வைத்தால்தான் அது வெளியே வரும். எங்கள் கம்பனியில் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஓர் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி என்னிடம் இருந்தது. போர்ம்களை அதிகாரியின் தட்டில் வைப்பதும் நான்தான்.

அவனுடைய போர்மை நான் தட்டில் வைக்கவில்லை. மேசை லாச்சியில், பழைய வரவுப் பதிவேட்டுக்கு அடியில் வைத்தேன். ஒரு கிழமைக்கு மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"என்னவாம் பொஸ்?" என்று தினமும் கேட்பான்.

"இன்னும் கையெழுத்து வைக்கேல்லையடா. மனுசன் பிஸி."

பொய் சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. கஷ்டமாக இருந்தது, அவன் அதை நம்பியதுதான்.

லாச்சி மட்டும் அவனை நிறுத்தாது என்று தெரியும். வேறு கயிறுகளும் தேடினேன். காக்காவின் கடைக்கு வெற்றுக் கசெட் வாங்கவரும் ஒரு கோவாக்காரர், தேரா ஹோட்டல் ஒன்றில் குழு வைத்திருந்தார். அவருடைய ட்ரம்ஸ்காரர் லீவில் போயிருந்தார். நான் போய்க் கெஞ்சினேன். வியாழன் மாலையில் நண்பன் அந்த மேடையில் உட்கார்ந்தான். காக்காவிடம் இரவல் வாங்கிய பூப்போட்ட சேட், கழுத்துப் பொத்தான் வரை பூட்டு. குச்சிகளை ஒன்றோடொன்று நான்கு தரம் தட்டினான். அவ்வளவுதான், இரண்டு வருடமாகக் கசெட்டுக்குள் அடைபட்டிருந்த ஒன்று அந்த மண்டபத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. பீங்கான் கோப்பைகள் நடுங்கின. அரபியர் ஒருவர் தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். என் நெஞ்செலும்பு மறுபடியும் குழுவில் சேர்ந்துவிட்டது. இவன் இனிப் போகமாட்டான் என்று அந்தக் கணத்தில் முழுதாக நம்பினேன். கிற்றார் தனியே அழுத இடத்தில் நான் விசிலடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே என்னைக் குச்சியால் சுட்டிக்காட்டினான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் அதிகாரி டெக்சாஸ்காரர். ஆறடி மூன்று அங்குலம், தேங்காய் எண்ணெய் தேய்க்காத செம்பட்டைத் தலை. வெள்ளிக்கிழமைகளில் யார்டுக்குப் பின்னால், ரோலர் ஓட்டி இறுக்கிய மணலில், மற்றக் கம்பனி அமெரிக்கர்களோடு பேஸ்பால் ஆடுவார். அன்று ஓர் ஆள் குறைந்தது. குழாய் அடுக்கின் உச்சியில் நின்றவனுக்கு நண்பன் கீழேயிருந்து அளவு நாடாவை எறிந்ததை அதிகாரி முன்பே கண்டிருந்தார். அந்தக் கை வேண்டும் என்றார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ரசிகன் இல்லாமல் ஆட்டம் ஏது?

முதல் பந்தே பட்டது. டிங். பந்து இருவருக்கு நடுவால் உருண்டு போக, நண்பன் ஓடினான், மட்டையையும் தூக்கிக்கொண்டு. பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது, அவர்கள் நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முதல் தளத்துக்கு ஆறடி இருக்கும்போதே நீட்டிப் பாய்ந்து, மட்டையின் நுனியை அந்த வெள்ளை மெத்தையில் ஊன்றி, புழுதிக்குள் கம்பீரமாக நிமிர்ந்து நின்றான். பந்து வந்தது. தளத்தில் நின்றவர் அதைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் காலை வைத்தார். அவுட்.

"என்ன அவுட்? கோட்டுக்குள்ள வைச்சிட்டனே!" என்று தமிழில் கத்தினான் நண்பன். "நீ சொல்லடா இவங்களுக்கு!"

"கோடு இல்லையடா இதில! கால் படவேணுமாம்!"

"கால் படோணுமெண்டா பிறகென்னத்துக்கு மட்டை?"

அமெரிக்கர்கள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்தபடி வந்து, அவன் தோளில் கைபோட்டு விளங்கப்படுத்தினார். இதில் சமநிலை என்று ஒன்றும் கிடையாதாம். யாராவது தோற்கும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்களாம். நண்பன் என்னைப் பார்த்து, "பார்த்தியோ, எங்கட ஊர்க் கதை மாதிரி," என்றான். ஐந்து நாள் ஆடிவிட்டு ஒருவரும் தோற்காமல் கைகொடுத்துப் பிரியலாம் என்று சொல்லித்தந்த ஓர் ஆட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதிலிருந்து எங்கள் அரசியல் எதையும் படிக்கவில்லை.

அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் அவனுக்குத் துணிவு வந்திருக்கவேண்டும். தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், சேர், என் லீவுக்குக் கையெழுத்து எப்போது என்று கேட்டான்.

"எந்த லீவு?" என்றார் அதிகாரி. "என் மேசைக்கு உன் தாள் ஒன்றும் வரவில்லையே."

இருவரும் ஒரேநேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அதிகாரியின் பார்வை எனக்கு நினைவில்லை.

நண்பன் தன் இடத்துக்குப் போய் நின்றான். பந்து வந்தபோது பிடித்தான், கையுறையை மறந்து வெறுங்கையால். பிறகு மறுபடியும் அவன் முறை வந்தது. இம்முறை பந்து பட்டதும் மட்டையைத் தூர எறிந்தான். அது மணலில் இரண்டு தரம் குதித்து விழுந்தது. அவன் ஓடினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு மெத்தையையும் காலால் மிதித்து மிதித்து ஓடினான். எல்லோரும் கத்தினார்கள். எனக்கு விசில் வரவில்லை.

பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏறித் திரும்பினோம். அறைக்குள் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை."

"என்னைக் காப்பாத்தினதெண்டு நினைக்கிறாய், என்ன?"

"ஓம்."

"அப்ப என்ர தம்பியை ஆர் காப்பாத்துறது?"

காக்கா ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்திருந்தார். தலையில் இன்னும் தொப்பி. நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "தம்பி, அவன் போறது எனக்கும் புடிக்கல. எதுத்து நில்லு, காலப் புடிச்சு அழு, அது கூட்டாளி செய்ற வேல. ஒரு மனுசன்ட பாஸ்போர்ட்ட வச்சிப் பூட்டுறதுக்கு நீ என்ன கஃபீலா?"

நாங்கள் மூவரும் வெறுத்த சொல் அது. நம்மை வைத்திருப்பவன், நம் போக்கையும் வரவையும் தீர்மானிப்பவன். அன்று அது எனக்குச் சரியாகப் பொருந்தியது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகப் போர்மை எடுத்தேன். வெறும் கட்டத்தில் முப்பது நாள் தள்ளி ஒரு திகதியை நானே எழுதினேன். அதிகாரி படிக்காமலே கையெழுத்து வைத்தார். மூன்று கிழமை நான் அடைத்து நின்ற கதவு, ஒரு பேனை அசைவில் திறந்தது. அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்தேன். "தாங்ஸ்," என்றான், எனக்கு அல்ல, ஒரு கிளார்க்குக்கு.

அவன் ஊருக்குப் போன பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதில் தம்பியை இன்னும் காணவில்லை என்று இருந்தது. இரண்டாவதில் விலாசம் இல்லை, நான்கு வரிதான். கோவாக்காரரின் ட்ரம்ஸ்காரர் திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்டிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பல வருடம் கழித்து அவனுடைய அக்காவை ஜெர்மனியில் தொலைபேசியில் பிடித்தேன். இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்றா. காக்கா ஊருக்குத் திரும்பிக் கடை வைத்தார்.

இங்கே டொரொன்டோவில் பெரிய பெரிய கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். நல்ல இடம், நல்ல ஒலி. ஆனால் பாட்டின் நடுவில் என் கண் மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விடுகிறது. ஆயிரம் தலைக்குள் ஒரு தலையைத் தேடுகிறது. இன்னும் மூன்று கிழமை அந்தத் தாள் லாச்சியில் கிடந்திருந்தால் என்று கேட்கும் குரலுக்கும், மூன்று கிழமை முந்தியே போயிருந்தால் தம்பியைப் பிடித்திருப்பானோ என்று கேட்கும் குரலுக்கும் நான் இன்றுவரை பதில் சொன்னதில்லை. இரண்டும் என்னுடைய குரல்தான்.

அவன் துபாயை விட்டுப் போனது, பாஸ்போர்ட் கையில் கிடைத்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம். அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு விமானநிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெட்டியைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டு நின்றான். உள்ளே போகத் திரும்பியவன், நின்று, என் பக்கம் பார்த்தான். அந்த மூன்று நாளில் முதல் தடவையாக.

"கொடியில என்ர நீலச் சேட்டு ஒண்டு காயுது. எடுக்க மறந்திட்டன். நீ போடு."

"நீ வந்து போடன்."

"போடா விசரா. வெய்யிலுக்கு வெளிறிப்போயிடும். போன உடனை எடு."