ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

என் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக் காருக்கு அவர்தான் மெக்கானிக். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார் அம்மாவுடையது. மாமா வெளிநாடு போகும்போது தங்கைக்கு விட்டுச்சென்றது. எங்கள் லிங்கராஜபுரத்துச் சந்துகளிலேயே ஓட்டிப் பழகி அம்மா லைசென்ஸ் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். பஸ் மாறி மாறிப் போனால் முதல் மணிக்குள் சேர முடியாது. கார் இருந்தால்தான் வேலை.

அந்தக் காரோ, ராத்திரி நிறுத்தினால் காலையில் செத்துக் கிடக்கும். நிற்கும்போதே ஏதோ ஒன்று பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். பால்காரர், எதிர்வீட்டுக் கன்னடக்காரர், நான் எல்லோரும் பின்னால் தள்ளுவோம். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு பால்கனியில் நின்று, "செகண்ட் கியர் போடு, செகண்ட் கியர்!" என்று கத்துவார். கியரைத் தொட்டே பார்க்காத மனிதர்!

மெக்கானிக்கிடம் விடலாம் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"நான் இருக்கும்போது கண்டவன் கையில எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அப்பா.

அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்குத் தோன்றியது. மிக்சி, இஸ்திரிப்பெட்டி, தெருவில் யார் வீட்டு ஃபேன் என்றாலும் அவர் கை பட்டால் பிழைத்துக்கொள்ளும். இந்தக் கார் மட்டும் பிழைக்கவே இல்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஒவ்வொரு ஞாயிறும் பானெட் திறக்கும். வேடிக்கை பார்க்க ஆள் சேரும். "பேட்டரி சேஞ்ச் மாடி சார்" என்று கன்னடத்தில் பேட்டரியை மாற்றச் சொல்வார் எதிர்வீட்டுக்காரர். அப்பா பெரிய டாக்டர் மாதிரி தலையை மட்டும் ஆட்டுவார்.

இனி ஒரு நாள் லேட்டானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த வார ஞாயிறன்று அப்பா பேட்டரி ஒயரைக் கழற்றி, நடுவில் ஒரு சின்ன பல்பை இணைத்தார். பல்பு எரிந்தது. "இதையே பாத்துட்டு இரு. என்னா ஆவுதுன்னு சொல்லு" என்று என்னை நிறுத்திவிட்டு, காருக்குள் குனிந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்ட ஆரம்பித்தார்.

திடீரென்று பல்பு அணைந்தது.

"அப்பா, அணைஞ்சிடுச்சு!"

அவர் இறங்கி வந்து பார்த்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். எரியவில்லை. மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி காருக்குள் குனிந்தார். பல்பு மறுபடி எரிந்தது.

"ஒயர் லூசுடி. சும்னே கத்தாதே" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அம்மா மாடிப்படியில் பாதி இறங்கி வந்து, "என்னங்க, கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"எல்லா ஃபியூசும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. வண்டி பழசும்மா, அவ்ளோதான்."

மறுநாள் காலை கார் கிளம்பவில்லை. எவ்வளவு தள்ளியும் கிளம்பவில்லை. அம்மாவின் வேலை போனது.

போன மாதம் என் காருக்கும் அதே நோய் வந்தது. செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நானே பல்பை மாட்டி ஃபியூஸ்களைப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, பேட்டரியைக் குடிப்பது அந்தப் பக்கம்தான். அந்தச் சோதனையே அதற்காகத்தான். ரேடியோ ஃபியூசைப் பிடுங்கியதும் அணைந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அப்பா, பல்பை அணைத்த அந்த ஒரு ஃபியூசைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருந்தாலே போதுமே! அம்மா பாட்டுக்கு ஆனேக்கல் போய் வந்திருப்பாள். என் அப்பாவுக்கு வேலை தெரியாமல் இல்லை. பாவி மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வேலை போன அன்று சாயங்காலம் அம்மா புடவைகூட மாற்றாமல், சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நான் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா. அடுத்த ஞாயித்துக்கெழமை அப்பா எப்படியும் கண்டுபுடிச்சிடுவாரு" என்று தேற்றினேன்.