வாய் திறந்து ஓர் ‘ஆமாம்’

கீரை ஒரு கட்டுப் போதுமா என்று கீரைக்காரி கௌரம்மா கேட்டால் கனகா தலையாட்டுவதில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, “ஹௌது, ஒந்தே”, ஆமாம், ஒன்றுதான் என்று கன்னடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறாள். தேவராஜ மொஹல்லாவில் இத்தனை ஜாக்கிரதையாகக் கீரை வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரரிடமும் அப்படித்தான்.

எங்கள் அக்ரஹாரத்து வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். இங்கே விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்தத் தானியத்தைக் கண்டாலும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாக வேண்டும். என் வீட்டுத் துவரம்பருப்பைக்கூட விட்டுவைத்ததில்லை.

போன வருஷம் பிரான்சில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கு, மண்ணியல் மேற்படிப்புக்காக விண்ணப்பித்தாள். மதிப்பெண், பிரெஞ்சுத் தேர்வு எல்லாம் சரியாக இருந்தன. வீடியோ நேர்காணலில், “இடம் கொடுத்தால் நிச்சயம் வருவீர்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். இவள் சந்தோஷத்தில் பேச்சு வராமல், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாக ஆட்டியிருக்கிறாள். நம் ஊரில் அதைவிடப் பெரிய சம்மதம் ஏது? அவர்கள் கண்ணுக்கு அது ‘இல்லை’. வருவதில் உறுதி இல்லை என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவளைத்தான் திட்டினேன்.

“நா ஆமான்னுதானுங்க்கா சொன்னேன்” என்று அழுதாள்.

அன்று தொடங்கியது இந்தப் பயிற்சி. “தல தானா ஆடிப்போகுதுங்க்கா. வாய் முந்திக்கோணும்” என்பாள்.

இந்த வருஷ நேர்காணலுக்கு முதல் நாள் அவள் அப்பா மல்லப்பன் கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்த காரியத்தை மறைக்கவில்லை.

“இந்தத் தடவையும் ஆவலீன்னா ஊட்டுக்கு வந்துரு அம்மிணி. மாப்ள ஊட்டுக்காரங்க எத்தன நாளைக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க?”

“செரிங்ப்பா” என்றாள் கனகா. தலை அசையவில்லை.

மறுநாள் மத்தியானம் துணைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். மாடி அறை கொதித்தது. கட்டிலில் மல்லப்பன், திரையில் ஒரு பிரெஞ்சு அம்மாள். கனகா தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியில் அதே கேள்வி வந்தது: நிச்சயம் வருவீர்களா?

“வீ” என்றாள். அவர்கள் மொழியில் ஆமாம் என்று அர்த்தம், எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த அம்மாள் காதருகே கையை வைத்துக் காட்டினாள். கனகா மறுபடியும் சொன்னாள். அந்த அம்மாள் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். கனகாவின் முகம் வெளுத்தது.

பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாத மல்லப்பன் எழுந்தார். கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். தெருவோர ஜன்னலைச் சாத்தினார். புழுக்கத்தில் அவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. தோள் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, மகளைப் பார்த்து, ‘சொல்லு’ என்று கையைக் காட்டினார்.