துறைமுகத்திலிருந்து யாரோ

மருத்துவமனையில் அவளை எல்லாரும் 'மடிப்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து வார்டுகளின் படுக்கை விரிப்புகளும் அவள் கையால்தான் மடிபடும். ஓரத்தோடு ஓரம் ஒட்டவில்லையா, உதறிப் போட்டு மறுபடி மடிப்பாள். அப்படியொரு பிடிவாதம்! அந்தப் பாழாய்ப்போன பிடிவாதம்தான் கூடப் பிறந்த தம்பியையும் விரட்டியது. அவன் விரும்பிய பெண்ணை வாசற்படி ஏற விடமாட்டேன் என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போனவன் மூன்று வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவளுக்கோ அவனை விட்டால் நாதியில்லை.

மிச்சமிருந்தது ஒரு மெயில் கணக்கு. அவன் படிக்கும் காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திறந்தது. பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கிழிந்த விரிப்புகளின் பட்டியலை அலுவலகக் கம்ப்யூட்டரில் அடித்து முடித்ததும், அதிலேயே மெயிலைத் திறந்து, அந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கே அவனுக்கு நாலு வரி அனுப்புவாள். இப்படியும் ஒருத்தி கடிதம் போடுவாளா என்று சிரிக்காதீர்கள். வேறு விலாசம் அவளிடம் இல்லை.

போன மாதம் புது போன் வாங்கி, அதிலும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் ஓர் எச்சரிக்கை: 'உங்கள் கணக்கில் புதிதாக ஒருவர் நுழைந்திருக்கிறார். இடம்: துறைமுக நகரம்.'

அவள் அந்த ஊரை மிதித்ததே இல்லை; பஸ்ஸில் ஆறு மணி நேரம். அடுத்த வெள்ளியும் அதே ஊர், அதற்கடுத்த வெள்ளியும். நேரத்தைப் பார்த்தாள். அவள் எழுத உட்காரும் அதே நேரம்!

"நான் எழுதுற நேரம் பார்த்துத்தான் வர்றான், கள்ளப்பய," என்று சுவரிடம் சொல்லிச் சிரித்தாள். பேச வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வாரம் நாலு வரி நாற்பது வரியானது. 'தப்பு என்மேலதான். அவளையும் கூட்டிட்டு வாடா' என்று முடித்தாள். பதில் இல்லை. சரி, நாமே போய்க் கூட்டி வருவோம் என்று இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தெருப் பெயர் கிடைக்குமா என்று மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் போனாள்.

அவர் எச்சரிக்கையைப் படித்துவிட்டு, அவள் வழக்கமாக எழுதும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே அவளை மெயிலைத் திறக்கச் சொன்னார். மடியிலிருந்த போன் சிணுங்கியது. துறைமுக நகரம்.

"நமக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி அந்த ஊர்லதான்க்கா இருக்கு. இங்க யார் எதைத் திறந்தாலும் அங்கேர்ந்து வந்த மாதிரி காட்டும். இந்தக் கம்ப்யூட்டர் தினமும் முன்னாடி நுழைஞ்ச தடத்தையெல்லாம் அழிச்சிடும், அதான் மெயில் ஒவ்வொரு தடவையும் புது ஆளுன்னு நினைச்சுக்குது."

"அப்போ இத்தனை வாரமும் வந்தது..."

"நீங்கதான்க்கா."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "வேற யாரும் வரலையா? நல்லாப் பாருங்க சார்."

அவர் பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தார். "இந்தக் கம்ப்யூட்டர், உங்க போன். அவ்வளவுதான்."

பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எதுக்கும் பாஸ்வேர்டை மாத்திடலாம்க்கா. பொதுக் கம்ப்யூட்டர், யார் வேணா நுழைஞ்சிடலாம்," என்று விசைப்பலகையை இழுத்தார்.

அவள் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். என்னைக்காவது அவன் வந்தா, வெளியவே நிப்பானே."