மூன்றாம் பெல்ட்டின் பத்து நிமிடம்

என் மனைவியை எங்கள் மின் நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசு என்பார்கள். புதிதாக வரும் அதிகாரிகள் முதல் வாரம் மேடம் என்பார்கள், இரண்டாவது வாரம் தராசு மேடம் என்பார்கள், ஒரு மாதம் போனால் அவர்களும் எங்களோடு சேர்ந்துவிடுவார்கள். நான் பெல்ட்டு. எங்கள் கல்யாணத்துக்கு எவனோ ஒரு புண்ணியவான் பரிசுப் பொட்டலத்தின் மேல் ‘பெல்ட்டுக்கும் தராசுக்கும்’ என்று எழுதிக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு சுவர்க் கடிகாரம். அது இன்றைக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே நாலு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

பெயர்க் காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. கிடங்கிலிருந்து மூன்றாவது பாய்லருக்கு நிலக்கரி கொண்டு போகிற ரப்பர் பெல்ட்டை ஓட்டியவன் நான். முன்னூறு மீட்டர் நீளம். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூண்டுக்குள் சாய்வாக மேலே ஏறிப் போகும். பாதி வழியில் பெல்ட்டுக்கு அடியில் ஒரு தராசு உண்டு. போகிற நிலக்கரியை அது ஓட ஓட எடை போடும். அந்தத் தராசைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். நிலக்கரி கொட்டும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. நாங்களெல்லாம் கையாலேயே பேசிப் பழகியவர்கள். இன்றைக்கும் எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல்தான் முதலில் எழும்பும், மகள் முறைப்பாள். வாரத்துக்கு ஒரே ஒரு முறை, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அந்த இரைச்சல் நிற்கும். நிலக்கரியை நிறுத்திவிட்டு பெல்ட்டைப் பத்து நிமிடம் வெறுமையாக ஓடவிடுவோம். அதற்குள் அவள் பெல்ட்டில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட்டு, தராசின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஒரு திருகைத் திருப்பி, திருகு எந்த எண்ணில் நிற்கிறதோ அதைத் தாளில் எழுத வேண்டும். ஜீரோ வைப்பது என்போம். வெயில் காலத்தில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் பாதகமில்லை. மழைக்காலத்தில் விடவே கூடாது. ஈரத் தூள் பெல்ட்டில் அப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். தராசு பாவம், அந்தச் சேற்றையும் ஒவ்வொரு சுற்றிலும் புது நிலக்கரி என்று எண்ணிக்கொள்ளும்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவள் அவள். தையற்காரர் அளவெடுத்தால் டேப்பைப் பிடுங்கித் தானே இன்னொரு தடவை அளப்பாள். மகள் பிறந்தபோது, குழந்தையை எடை போட்ட நர்ஸிடம், பிரசவக் கட்டிலில் கிடந்தபடியே, “முள் முதல்ல ஜீரோவுல இருந்துச்சா, பார்த்தீங்களா?” என்று கேட்டவள். அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நானும் எத்தனையோ பேரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் எண் விஷயத்தில் அவளிடம் மட்டும் கொடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவள் தொடர்ந்து பதினோரு வாரம் ஜீரோ வைக்கவில்லை. இருபத்து நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலம் அது.

அவளுக்கு முப்பத்து மூன்று, எனக்கு முப்பத்தாறு. இனி இதுகளுக்குக் கல்யாணம் ஆகாது என்று இரண்டு வீட்டிலும் எங்களைக் கைகழுவிவிட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் குடைக் கம்பி உடைந்து, அதை எப்படி மடக்குவது என்று தெரியாமல் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். நான் வாங்கி ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றிச் சரிசெய்து கொடுத்தேன்.

“கரி ஓட்டுற ஆளுக்குக் கை இவ்ளோ சுத்தமா இருக்கே?” என்றாள்.

“திங்கட்கிழமை மட்டும் குளிப்பேன்,” என்றேன்.

அவள் சிரித்தாள். அடேயப்பா, அந்தக் கூண்டுக்குள் ஒரு மனிதச் சிரிப்பு காதில் விழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். வெறும் பெல்ட் சர்சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, தகரத்தில் மழை, நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். திடீரென்று சங்கு ஊதி, நிலக்கரி மடமடவென்று கொட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் அவள் திருகைப் பார்த்தாள். தொடவே இல்லை. கையை விரித்து என்னைப் பார்த்தாள், நானும் கையை விரித்தேன். முந்தின வாரத்து எண் இருநூற்றுப் பதினாலு. அதையே எழுதிவிட்டு, சரிபார்த்தேன் என்று ஒரு டிக் போட்டாள்.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். என்ன பேசினோம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் இப்போது சொல்லத் தெரியாது. எல்லாம் உப்புச்சப்பில்லாத பேச்சு. அவள் அறைக் கூரை ஒழுகுவது, என் அக்கா வீட்டுக்காரரின் குறட்டை, இப்படி. ஞாயிற்றுக்கிழமை எப்போதடா தொலையும் என்று காத்திருந்த ஒரே ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

பதினோராவது திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவ்வளவு தைரியம் எனக்கு ஏது? அவள்தான் கேட்டாள்: “மழை நின்னு போச்சு. இனிமே குடை ரிப்பேருக்கு வேலை இல்ல. அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?”

தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காக ஜீரோ வைக்க ஆரம்பித்தாள், ஏனென்றால் மீதிப் பேச்சுக்கு வீடு இருந்தது.

வருடக் கடைசியில் கணக்கு இடித்தது. கிடங்குக்கு வந்ததைவிட அதிக நிலக்கரி எரிந்துவிட்டதாகத் தராசு சொன்னது. மழையில் நனைந்து எடை கூடியிருக்கும் என்று அதிகாரிகள் எழுதி மூடினார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்போதெல்லாம் கார்பன் என்றால் எங்களுக்குத் தெரிந்தது நகலெடுக்கிற கார்பன் தாள்தான்.

காலம் மாறிற்று. புகையைக் குறைக்க வேண்டும், பூமி சூடாகிறது என்று எங்கள் நிறுவனத்துக்கும் அக்கறை வந்தது. வெளியேற்றும் கார்பனை நாற்பது சதவீதம் குறைப்போம் என்று தலைமை அலுவலகம் அறிவித்தது. எதிலிருந்து நாற்பது? ஒரு பழைய வருடத்தை அடிப்படை ஆண்டாக வைத்து அதிலிருந்து. எத்தனை வருடம் இருக்கிறது, அவர்கள் எடுத்தது சரியாக எங்கள் வருடத்தை! பதவி உயர்வில் அவளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கைப் பிரிவு கிடைத்தபோது அந்த வருடத்துக் கார்பன் எண் ஏற்கனவே அச்சாகி, சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அவளும் அதையே வைத்துக்கொண்டு ஆறு வருடம் அறிக்கை தயாரித்தாள். சின்ன பாய்லர்களான முதலாவதை மூடினார்கள், இரண்டாவதை மூடினார்கள், கிடங்கில் பாதி இடத்தில் சூரியத் தகடுகள் வந்தன. போன வருடத்தோடு கெடு முடிந்தது. குறைப்பு நாற்பதரை சதவீதம். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்குப் பச்சையில் ‘40’ எழுதினார்கள். அவள் ஓய்வு பெற அப்போது இரண்டு மாதம் இருந்தது.

அறிக்கையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர் பெண் வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். அடிப்படை ஆண்டின் மூலத் தாள்கள் வேண்டும் என்றாள். பழைய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாத் திங்கட்கிழமையிலும் டிக் இருந்ததால் அவளுக்கு முழுத் திருப்தி.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி அந்தத் தாள்களின் நகலை மேசையில் என் முன்னால் வைத்தாள்.

“படிங்க.”

படித்தேன். இருநூற்று ஒன்பது, இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பதினாலு. அப்புறம் இருநூற்றுப் பதினாலு, இருநூற்றுப் பதினாலு, இருநூற்றுப் பதினாலு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அட, நம்ம குடை!” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அந்த வருஷத்து நிலக்கரி உண்மையா எரிஞ்சதைவிட ரெண்டு சதவீதம் கூடுதலா இருக்கு. கிடங்கு இருப்பு, மின்சாரம் தயாரிச்ச அளவு, ரெண்டையும் வச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். அதைக் கழிச்சா நாம குறைச்சது முப்பத்தொன்பது புள்ளி மூணுதான்.”

“அதனால?”

“அதனால நாப்பது வரல.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

இந்த இடத்தில் நான் நல்லவன் மாதிரி எழுதிக்கொள்ளலாம். பொய் எதற்கு, எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. காரணம் உண்டு. இலக்கை எட்டிவிட்டால் மூன்றாவது பாய்லர் இன்னும் மூன்று வருடம் ஓடும், எட்டாவிட்டால் அடுத்த மழைக்கு முன்பே அதை மூடிவிடுவது என்று நிறுவனம் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தது. மூன்றாவது பாய்லர் என்றால் மூன்றாவது பெல்ட். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் காலையில் நடக்கப் போவது அந்தச் சத்தம் கேட்கிற பக்கமாகத்தான்.

“என் பெல்ட்டை என் பெண்டாட்டியே நிறுத்தப் போறாளா?” என்றேன். “புள்ளி ஏழு! கடுகளவு! ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்தா மாலை மரியாதையோட வெளிய வரலாம். உனக்கு ஏன், தராசு, இந்த வேலை?”

“கடுகளவா? ஒரு ரயில் நிலக்கரி. நாம குறைக்கவே இல்ல, குறைச்சதா சொல்றோம். நான் போட்ட டிக்கு.”

“அது நான் பேசினதால போட்ட டிக்கு. அப்போ நான் பேசினது தப்பா?”

கேட்டிருக்கக் கூடாது. அவள் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் காலை சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, “நீங்களும் வரணும். அப்ப பெல்ட் ஓட்டினவர் கையெழுத்து கேப்பாங்க,” என்றாள்.

போனேன். போகாமல்? வழியெல்லாம் மெஷின் பழுது என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மேனேஜர் எங்கள் மகளைவிட ஏழெட்டு வயது பெரியவர், அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டு அவர் முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, இதை நான் மேல எப்படிச் சொல்வேன்? வாசல்ல பெயின்ட் இன்னும் காயக்கூட இல்லக்கா!” என்றார். அவள் தலை குனிந்திருந்தாள். முப்பத்தொரு வருட வேலையில் அவள் ஒரு மேசைக்கு முன்னால் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்த ஆடிட்டர் பெண் பேனாவை எடுத்தாள். “காரணம் எழுதணும். அந்தப் பதினோரு வாரமும் அந்தப் பத்து நிமிஷம் என்ன செஞ்சுட்டிருந்தீங்க?”

மெஷின் பழுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் அவள் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தன.

“பேசிட்டிருந்தோம்,” என்றேன்.

“யாரு?”

“நானும் இவளும்.”

“பதினோரு வாரமுமா?”

“மழை விடலையே.”

ஆடிட்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, ‘தனிப்பட்ட காரணங்களால் வாராந்தரச் சரிபார்ப்பு நடைபெறவில்லை’ என்று எழுதினாள். அறிக்கையின் நாற்பத்தாறாம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் அது இன்றும் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவில்லை என்று அக்கா இருபது வருடமாகக் குறைப்பட்டாள், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

வாசல் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். விழா இல்லை. பெல்ட்டில் இருந்த ஒன்பது பேரைச் சூரியத் தகட்டுப் பக்கம் மாற்றினார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்னும் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். அவளுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அவர்கள் மேல் தப்பில்லை என்பாள்.

பாய்லரை நிறுத்திய நாள் ஒரு திங்கட்கிழமை. அவளுடைய கடைசி வேலை வாரம். கடைசி எடையைக் குறிப்பதற்கு முன் ஒருமுறை ஜீரோ வைக்க வேண்டும், அது விதி. அதை அவளே செய்யட்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். என்னையும் கூப்பிட்டார், நல்ல மனுஷன்.

ஏழு மணிக்குக் கடைசி நிலக்கரி மேலே ஏறி மறைந்தது. இரைச்சல் நின்றது. வெறும் பெல்ட் சர்சர்ரென்று ஓடியது. மற்றவர்கள் எங்களை விட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். எனக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்தது. “தராசு,” என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையைக் காட்டினாள். பொறு என்று அர்த்தம்.

சுரண்டியை எடுத்துப் பெல்ட்டைச் சுரண்டினாள். திருகு போய் இப்போது பட்டன் வந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்வரை அழுத்தினாள். மறுபடி ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தாள். தாளில் எண்ணை எழுதி, டிக் போட்டு, கையெழுத்திட்டாள். சுவரில் கையை ஊன்றி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்கு,” என்றாள். “இப்பச் சொல்லுங்க.”

“அப்போ நான் பேசினது தப்பா?”

“டிக்கு போட்டதுதான் தப்பு,” என்றாள். “நீங்க பேசுங்க.”

வாய் ஓயாதவன் என்று பெயர் வாங்கியவன் நான். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். பெல்ட் நிற்கும்வரை அப்படியே நின்றோம்.