ஒரு முடிச்சு ஜாஸ்தி: கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு

கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு கடிதமாவது வருகிறது. கோமுகி அணை, பெரியார் அருவி, மேகம் அருவி என்று இந்தப் பக்கத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் ஒரு ஊர் வழியாகத்தான் போனேன், வண்டியை நிறுத்தவில்லை. போன மாதம் என் சீனியர் வக்கீல் பரிமளம் அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்த ஊரில் இறங்குவதற்கென்றே கிளம்பினேன். அருவிப் படம் பார்க்க வந்தவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள், இந்தத் தடவை படம் இல்லை.

காலை ஆறு பத்துக்கு விழுப்புரத்தில் பேருந்து ஏறினேன். உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு எட்டரைக்கு வந்து சேர்ந்தது. டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். நிலையத்துக்கு வெளியே இட்லி, வடை, காபி சேர்த்து அறுபது. வடை ஆறிப்போயிருந்தது. சொன்னதற்கு, வேறு போட்டுக்கொண்டிருக்கிறோம், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தால் மதியம் ஆகிவிடும் என்று தோன்றியது. மலைக்குப் போய்வர, காத்திருப்பையும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒரு கார் பேசினேன். ஓட்டுநர் சேகர், முப்பது வயதிருக்கும். முதலில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றதும், ஏதாவது கேஸா என்று கேட்டார். ஆமாம், பழைய கேஸ் என்றேன்.

நீதிமன்ற வாசலில் கறுப்பு கவுன் போட்ட பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பதினான்கு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். 1987இல் இதே ஊரில் பெண் வக்கீல்கள் நாங்கள் இரண்டே பேர். பரிமளம் அம்மா, அவருக்கு ஜூனியராக நான்.

அவர் நைனார்பாளையத்து விவசாயக் குடும்பம். இந்த ஊர் நீதிமன்றத்தில் வாதாட வந்த முதல் பெண். வக்கீல்கள் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போடலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் பேசினார்களாம். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, எதிரே ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போய் வருவோம். உலகத்தில் எந்த நாட்டில் முதல் பெண் வக்கீல் எப்படி உள்ளே வந்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சட்டத்தில் ‘ஆள்’ என்று எழுதியிருந்தால் அது ஆணை மட்டும்தான் குறிக்கும் என்று சொல்லி, படித்துத் தேறிய பெண்களைத் திருப்பி அனுப்பிய நாடுகள் பல. நம் கல்கத்தாவிலும் பாட்னாவிலும் அதே கதைதான். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். “அவங்க உள்ள வர்றதுக்கே கேஸ் போட்டாங்க. நமக்கு கதவு தெறந்துதான் கீது. நாற்காலிதான் இல்ல.”

மலையிலிருந்து வருகிற கட்சிக்காரர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். அவர்களில் பலருக்கு அன்று எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் படிக்க ஆள் தேடவேண்டும். அதனால் ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். மறுநாளிலிருந்து தினம் காலையில் ஒன்றை அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழ்கிற அன்று மலையிலிருந்து இறங்கவேண்டும், அடுத்த நாள் காலையில் கோர்ட். மற்ற வக்கீல்கள் அவரைத் தாயத்து வக்கீல் என்று கிண்டலடித்தார்கள். ஆனால் அவருடைய கட்சிக்காரர் ஒருவர்கூட நாள் தவறி வந்ததில்லை.

வெள்ளச்சி அப்படி வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருஷன் செத்த மூன்றாம் மாதம், அவனுடைய அண்ணன் வந்து நாலு வயதுப் பெண் செவந்தியைப் படிக்கவைக்கிறேன் என்று கீழே கூட்டிப்போய், சின்னசேலம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டில் எடுபிடி வேலைக்கு விட்டுவிட்டான். குழந்தையை மீட்டுத்தரக் கேட்டு மனுப் போட்டோம். இரண்டு வாய்தா ஆன பிறகு நீதிபதி ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார். அன்று அவர்கள் குழந்தையைக் கொண்டுவரவேண்டும், தாயும் வரவேண்டும், இதுவே கடைசி என்று சொல்லிவிட்டார். பத்து நாள் இருந்தது. சீனியர் வேறொரு வழக்கில் நின்றுகொண்டிருந்ததால் நூலை என்னைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

பத்து நாள் என்பதால் பத்து முடிச்சுப் போட்டேன். கோர்ட் நாளுக்கு முடிச்சு கிடையாது, ஒன்பதுதான் போட்டிருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரச் சாலை மறியல். வியாழக்கிழமை காலை தொடங்கி ஒரு பேருந்தும் ஓடவில்லை. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப்போன செய்தி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. புதன்கிழமையே நைனார்பாளையம் போன சீனியர் அங்கேயே மாட்டிக்கொண்டார். குமாஸ்தாவும் சொந்த ஊரில். ஆனால் கிளம்பும்போதே சீனியர் என்னிடம் சொல்லியிருந்தார்: திங்கட்கிழமைக்குள் நான் வராவிட்டால், நீ எழுந்து நின்று வாய்தா மட்டும் கேள், வேறு ஒன்றும் பேசாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதுதான் உறைத்தது. வெள்ளச்சி இன்று இறங்கவேண்டும், ஆனால் கையில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கும். சீனியருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்பதுதான் முதலில் வந்த எண்ணம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நானே மலைக்கு நடந்துபோய் வெள்ளச்சியைக் கூட்டிவந்துவிட்டால் தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது. நாளைக்கு நேரமாகிவிட்டால் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று வக்கீல்கள் யாரிடமாவது கேட்டுவைத்திருக்கலாம். தாயத்து என்று சிரித்தவர்களிடம் போய் நிற்க வீம்பு விடவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் பதினைந்து கிலோமீட்டர். இப்போது சேகர் இருபத்தைந்து நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டார். அன்று நடந்து வர நாலு மணி நேரம். ஊருக்கு முன்னால் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர். எங்கே போகிறாய் என்றார் தலையில் துண்டு கட்டிய ஒருவர். கோர்ட் வேலையாக என்றேன். ரோடே இல்லை, கோர்ட் எதற்கு என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே கை கொடுத்து மரத்தைத் தாண்ட வைத்தார், ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். “நாங்களும் உள்ள வுடச் சொல்லித்தாம்மா கேக்கறோம்” என்றார். எனக்குச் சீனியர் ஞாபகம் வந்தது. அந்த மனிதர்கள்மீது அன்றும் எனக்குக் கோபமில்லை, இன்றும் இல்லை.

அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. பன்னிரண்டு கிலோமீட்டர் என்றார்கள், கூடவே இருக்கும். சாயங்காலம் ஐந்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன். வெள்ளச்சி என்னைப் பார்த்ததும் நூலைத்தான் எடுத்துக் காட்டினார், இன்னும் ஒன்று இருக்கிறதே என்று. தேதி முன்னால் வந்துவிட்டது, உடனே கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது, இருட்டில் விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் நின்றுவிட்டார்கள். விடிந்ததும் கிளம்பியும் ஓடைக்கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மகளுக்கென்று ஒரு பாவாடை எடுத்து வந்திருந்தார், அது நனையாமல் இருக்கத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே ஓடையைத் தாண்டினார்.

நீதிமன்றத்துக்குள் நுழையும்போது மூன்றே முக்கால். வாசற்படியில் பரிமளம் அம்மா உட்கார்ந்திருந்தார், செருப்பு கையில். நைனார்பாளையத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. விடியுமுன் நடக்கத் தொடங்கி ஒரு மணிக்கு வந்திருக்கிறார். வழக்கைக் கூப்பிட்டது பதினொன்றரைக்கு. ஆலைக்காரர் ஆட்கள் குழந்தையை மோட்டார் சைக்கிளில் வைத்துக் குறுக்கு வழியில் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் எழுந்து நிற்க ஆள் இல்லை. மனு தள்ளுபடி. கூப்பிட்ட டவாலியே வந்து சொன்னார்: “மூணு தபா கூப்ட்டேம்மா. பொண்ணு பெஞ்சுல குந்திக்கினு வாசலயே பாத்துக்கினு இருந்துச்சு.”

மறியல் நேரம், மலையிலிருந்து வரவேண்டும், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எந்த நீதிபதியும் கொடுத்திருப்பார். அதைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் நான்தான்.

சீனியர் வெள்ளச்சியின் மணிக்கட்டில் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். ஒரு முடிச்சு மீதி இருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வெள்ளச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தாம்மா ஒண்ணு ஜாஸ்தி போட்டுட்டேன்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தள்ளுபடியான மனுவை மறுபடி விசாரிக்கக் கேட்டுப் போட்ட பிரமாணப் பத்திரத்திலும் தவறு தன்னுடையது என்றே எழுதினார். அது விசாரணைக்கு வர நாலு மாதம் ஆனது. அதற்குள் குழந்தையை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெங்களூர் என்றார்கள், பிறகு ஹூப்ளி என்றார்கள். சீனியர் இரண்டு ஊருக்கும் போய்த் தேடினார். கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் இருந்த காலமெல்லாம் அந்த நூலைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத ஓடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை சுமார் நாற்பது கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கச்சிராயபாளையத்திலேயே போட்டுவிடுங்கள். மேலே செல்பேசி அடிக்கடி எடுக்காது. மழைக்காலத்தில் ஓடைகளை நம்பாதீர்கள். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தால் மறுக்காதீர்கள். ஒருவரிடம் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் அருவிக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஊருக்குள் நுழையும்போது பதினொன்று பத்து. வெள்ளச்சி சிமெண்ட் ஓடு போட்ட வீட்டு வாசலில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சேகர் வண்டியிலேயே இருந்தார். வெள்ளச்சிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, பெயரைச் சொன்னதும் தெரிந்தது. சீனியர் இறந்ததைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். “பாவங்க அந்தம்மா. ஒரு முடிச்சு ஜாஸ்தி போட்டுட்டேன்னு எத்தினி தபா எங்கிட்ட அழுதுக்கினே இருந்தாங்க. வுடுங்கம்மான்னாலும் கேக்கல” என்றார்.

சீனியர் அழுதது எனக்கு அதுவரை தெரியாது. அவர் போடவில்லை, நான்தான் போட்டேன் என்றேன். பயந்துபோய் மலைக்கு ஓடிவந்ததையும், கோர்ட்டில் நிற்கவேண்டியவள் நான்தான் என்பதையும், படியில் வாய் மூடி நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் வைத்திருந்தது, சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“அப்ப உனுக்கு இன்னா வயசு?” என்று கேட்டார்.

இருபத்து நாலு என்றேன்.

“செவந்திக்கும் அந்த வயசு வந்துட்டுப் போயிருக்கும் இல்ல” என்றார். சீவிய கிழங்கைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். “அதுவும் எங்கியாவது ஒரு தப்பு பண்ணிட்டு, இந்த மாதிரி பயந்துக்கினு நின்னிருக்கும். போவட்டும் வுடுன்னு அதுக்கு யாரு சொல்லியிருப்பாங்க?”

அவர் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். போவட்டும் வுடு, போவட்டும் வுடு என்று இரண்டு தரம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.